பழைய காரில் புகை, வயரிங் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் பழைய கார் வைத்திருக்கும் நம்மவர்கள் பட்டறை வாசலில் கேட்கும் கேள்விகள் இவை. சாகா, இஸ்வாரா, வீரா, வாஜா, கஞ்சில், முதல் தலைமுறை மைவி என்று இருபது வயதை நெருங்கிய அல்லது தாண்டிய கார்கள்தான் பெரும்பாலும். கைமாறி வந்த கார் என்பதால் முன்பு யார் என்ன செய்து வைத்தார்கள் என்று தெரியாது; அதுவே பாதித் தலைவலி. புகையை ஒரு பட்டறையிலும் மின்கோளாறை வேறொரு வயரிங் கடையிலும் காட்டுவது நம் வழக்கம். பல நேரம் இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை என்பது கீழே போகப் போகத் தெரியும்.

புகையின் நிறத்தைப் பார்த்தே என்ன கோளாறு என்று சொல்லிவிட முடியுமா?

பாதி சொல்லலாம். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. நிற்காமல் வரும் அடர்ந்த வெள்ளை என்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. மீதிப் பாதியை நேரம்தான் சொல்லும். இரவு முழுக்க நின்ற கார் காலையில் ஸ்டார்ட் ஆனவுடன் புகைகிறதா, சிவப்பு விளக்கில் நின்று கிளம்பும்போதா, மேட்டில் மிதிக்கும்போதா, இறக்கத்தில் காலை எடுத்த பிறகா? இதைக் கவனிக்காமல் போய் "அண்ணே, புகை வருது" என்று மட்டும் சொன்னால், போமன் (பட்டறை மெக்கானிக்) தனக்குப் பழகிய இடத்தில் கையை வைப்பார். பில் உங்களுக்கு.

ஓட்டுபவருக்குத் தன் காரின் புகை சரியாகத் தெரியாது. பின்னால் ஒருவரை வரச் சொல்லி ஃபோனில் வீடியோ எடுங்கள். மூக்கும் உதவும்: ஆயில் எரிந்தால் கருகல் வாடை, கூலண்ட் எரிந்தால் இனிப்பான வாடை, பெட்ரோல் கூடிப்போனால் கண் எரியும்.

காலையில் வெள்ளைப் புகை வருகிறது. யூடியூபில் பார்த்தால் இது சாதாரணம், நீராவிதான் என்கிறார்களே?

அந்த வீடியோக்களில் முக்கால்வாசி குளிர் நாடுகளில் எடுத்தவை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும்; அது ஆவியாகப் புகைக்குழாய் வழியே வெளியேறும். வெளியே 5 டிகிரி என்றால் அந்த ஆவி வெள்ளையாகத் திரண்டு நிற்கும். நம் ஊரில் விடியற்காலையிலேயே 24 டிகிரி. கேமரன் மலையில் தங்கிய மறுநாள் காலை பார்த்தால் பயப்பட வேண்டாம். கோலாலம்பூரில், அதுவும் எஞ்சின் சூடான பிறகும், பின்னால் வரும் காரை மறைக்கும் அளவுக்கு வெள்ளை வந்தால் சாதாரணம் என்று விடாதீர்கள். குழாய் நுனியில் தண்ணீர் சொட்டுவது வேறு விஷயம், அது நல்ல கார்களிலும் உண்டு.

சந்தேகம் வந்தால், கார் முழுதாக ஆறிய பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பாருங்கள். ரேடியேட்டரின் மேல் குழாயை அழுத்துங்கள். இரவெல்லாம் ஆறிய குழாய் தொளதொளவென்று இருக்க வேண்டும். கல் மாதிரி இறுகியிருந்தால் சிலிண்டரின் அழுத்தம் தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். பிறகு மூடியைத் திறந்து, நீர் மட்டம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி நிற்காமல் கிளம்பிக்கொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர்களுக்கும் அவற்றின் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் அடைக்கும் தகடு) சந்தேகிக்கலாம். சூடான எஞ்சினில் இந்த மூடியைத் தொடவே கூடாது. கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும்.

உறுதி செய்ய ஒரு சோதனை உண்டு. ரேடியேட்டர் வாயில் ஒரு குடுவையை வைத்து அதில் நீல நிறத் திரவம் ஊற்றுவார்கள். எரிந்த வாயு தண்ணீரில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றச் சொல்லும் போமனிடம் முதலில் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஆயில் மூடியின் அடியில் பால் நிறப் பசை இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். தினமும் கடைவரை மட்டும் போய் வரும் காரில் ஈரம் சேர்ந்து அந்தப் பசை வரும். ஆயில் குச்சியிலும் அதே பால் நிறம் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இன்னொன்று, பலருக்குத் தோன்றாதது: எங்குமே கசிவில்லாமல் பிரேக் எண்ணெய் குறைந்துகொண்டே போய், கூடவே வெள்ளைப் புகையும் வந்தால், பிரேக் பூஸ்டர் வழியாக அந்த எண்ணெயை எஞ்சின் உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். அந்தக் காரை ஓட்டாதீர்கள்.

நீலப் புகை. "எஞ்சின் முடிஞ்சது, ஓவர்ஹால் பண்ணணும்" என்கிறார் போமன். நம்பலாமா?

அவர் என்ன சோதித்தார் என்று முதலில் கேளுங்கள். நீலப் புகைக்கு மூன்று நான்கு காரணங்கள் உண்டு. செலவில் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

மலிவானதிலிருந்து தொடங்குவோம். ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறதா? குச்சியில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் இறக்கிவிட்டுப் பாருங்கள். அடுத்து பிசிவி வால்வு. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மறுபடி உள்ளிழுக்க வைக்கும் சின்ன வால்வு அது. கழற்றிக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும். பசையேறி அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, ஆயில் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போகும். கேஸ்கெட்டுகளும் கசியத் தொடங்கும்.

அடுத்து வால்வு சீல். இரவில் வால்வுத் தண்டு வழியாகச் சொட்டிய ஆயில் காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு குபீர் நீலப் புகையாக வந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது கியரிலேயே எஞ்சினை இழுக்கவிட்டு, அடிவாரத்தில் மறுபடி மிதித்ததும் பின்னால் நீல மேகம் கிளம்பினால் அதுவும் பெரும்பாலும் சீல்தான். காலை எடுத்தபடி இறங்கும்போது உள்ளே உறிஞ்சல் அதிகம். தேய்ந்த சீல் வழியே ஆயிலை இழுத்துவிடும். வயதான ரப்பர் சூட்டில் இறுகிப்போவதுதான் காரணம். இதற்கு முழு ஓவர்ஹால் தேவையில்லை.

மிதிக்க மிதிக்க, குறிப்பாக மேட்டில், தொடர்ந்து நீலம் வந்தால்தான் பிஸ்டன் ரிங் பக்கம் பார்வை போக வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று காற்று அடிப்பதும் அதே கதை.

இதையெல்லாம் ஊகத்தில் விடாமல் கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். எஞ்சின் சூடாக, எல்லாப் பிளக்கும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது. நல்ல பெட்ரோல் எஞ்சினில் பொதுவாக 150 முதல் 190 பிஎஸ்ஐ வரை இருக்கும். எண்ணைவிட, சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் முக்கியம். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தால் அழுத்தம் ஏறுகிறதா? ஏறினால் ரிங். ஏறவில்லையென்றால் வால்வு அல்லது கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கலாம். நான்கும் சமமாக, நன்றாக இருந்து காலையில் மட்டும் புகைந்தால், "எஞ்சின் முடிஞ்சது" என்ற பேச்சுக்கே இடமில்லை.

ரிங்தான் போயிருந்தால் ஓவர்ஹாலா, ஹாஃப்கட் கடையில் (வெட்டி இறக்கிய பழைய கார்களின் பாகங்கள் விற்கும் கடை) ஜப்பானிலிருந்து வந்த எஞ்சினா என்று இரண்டு விலையும் கேளுங்கள். ஹாஃப்கட் எஞ்சினுக்கும் ஏற்றும் முன் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பவரிடம் வாங்காதீர்கள்.

20W-50 போன்ற தடித்த ஆயில் ஊற்றினால் புகை நிற்குமா?

கொஞ்சம் குறையும். காரை விற்கப் போகிறவர்களுக்கும் இது தெரியும். அதனால் பழைய கார் வாங்கும்போது முதல் ஸ்டார்ட்டை நீங்களே, எஞ்சின் ஆறியிருக்கும்போது செய்ய வேண்டும். "முன்னாடியே சூடு பண்ணி வச்சிட்டேன் தம்பி" என்று சொன்னால், நாளைக் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

கறுப்புப் புகை வருகிறது, பெட்ரோலும் அநியாயத்துக்குக் குடிக்கிறது. இன்ஜெக்டரைக் கழுவலாமா?

முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். கார்புரேட்டர் உள்ள பழைய சாகா, கஞ்சில் என்றால் சோக் (காற்றைக் குறைக்கும் தகடு) மூடிய நிலையில் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜெக்ஷன் கார் என்றால் என் முதல் சந்தேகம் இன்ஜெக்டர் மேல் அல்ல, சூட்டைக் கணிக்கும் சென்சார் மேல்.

எஞ்சின் சூடாகிவிட்டதா, இன்னும் ஆறியிருக்கிறதா என்பதை அந்தச் சென்சார்தான் கணினிக்குச் சொல்கிறது. ஆறியிருக்கிறது என்றால் கணினி பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். சென்சார் அடியோடு செத்துப்போனால் கணினி கண்டுபிடித்து மஞ்சள் விளக்கைப் போடும். பாதி செத்ததுதான் வம்பு. 80 டிகிரியில் இருக்கும் எஞ்சினை 40 என்று சொல்லிக்கொண்டிருக்கும், விளக்கும் எரியாது. பல ஜப்பானிய வகை சென்சார்களில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் ஏறக்குறைய 300 ஓம் இருக்கும். மல்டிமீட்டரில் ஐந்து நிமிட வேலை.

சென்சார் பொய் சொல்லாமலேயே எஞ்சின் உண்மையில் சூடேறாமலும் போகலாம். "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதற்கு" என்று கழற்றி எறிந்துவிடுவது இங்கே பழைய பட்டறைகளின் பழக்கம். 82 அல்லது 88 டிகிரிவரை தண்ணீரைத் தடுத்து எஞ்சினைச் சூடேற விடுவதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. அது இல்லாத கார் அதிகாலை நெடுஞ்சாலையில் ஓடினால் ஊசி கீழேயே கிடக்கும். கணினி பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும், பிளக் கரியாகும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும். மழையோ வெயிலோ, தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டிவிடுங்கள். சூடு ஏறுகிறது என்பதற்காக முன்பு கழற்றியிருந்தால், அந்தச் சூட்டுக்கு வேறு காரணம் இருந்திருக்கிறது. அது இன்னும் அங்கேயேதான் இருக்கும்.

அப்படியானால் புகைக்கும் வயரிங்குக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. தைப்பூசத்துக்குப் பத்துமலைச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கார்களை நினைத்துப் பாருங்கள். நின்ற காரில் ரேடியேட்டருக்குக் காற்று கொடுப்பது மின்விசிறி மட்டும்தான். அதன் ரிலேயோ, ஃபியூஸோ, ரேடியேட்டரில் உள்ள சூட்டு சுவிட்சோ போனால் அரை மணி நேரத்தில் ஊசி சிவப்புக்கு ஏறும், ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். பிறகு வெள்ளைப் புகை. ஹெட்டைச் சீவி, புது கேஸ்கெட் போட்டு, விசிறியைச் சோதிக்காமல் காரைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த ஜேமில் அதே கதைதான்.

பழைய கார்களில் விசிறியைச் சோதிப்பது சுலபம். சாவியைத் திருப்பி, எஞ்சினைப் போடாமல், ரேடியேட்டர் சூட்டு சுவிட்சில் இருக்கும் இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொடவையுங்கள். விசிறி சுற்றினால் மோட்டாரும் ரிலேயும் சரி, சுவிட்சுதான் போயிருக்கிறது. கையை மட்டும் விசிறிக்குத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்திசையிலும் நடக்கும். வால்வு கவர் கேஸ்கெட்டிலிருந்து கசியும் ஆயில், சில எஞ்சின்களில் பிளக் குழிக்குள் இறங்கி எஞ்சினைத் திணறவைக்கும். பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் அதற்கு நேர் கீழே இருந்தால் அதற்குள்ளும் போய் சார்ஜைக் கெடுக்கும். ஆல்டர்னேட்டரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே ஆயிலில் குளிக்கும்.

பேட்டரி மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை. மறுபடியும் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இருக்கலாம், ஆனால் முதலில் மூன்று எண்களைப் பாருங்கள். இரவு நின்ற கார், எதுவும் போடாத நிலையில் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். ஏர்கோன், முன்விளக்கு, வைப்பர் எல்லாம் போட்டு, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டாலும் 13க்குக் கீழே இறங்கினால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள். மழை நாளில் ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் பேட்டரி இறங்குவது இப்படித்தான்.

சார்ஜ் சரியாக இருந்தும் இறங்கினால், கார் தூங்கும்போது ஏதோ ஒன்று கரண்ட்டைக் குடிக்கிறது. பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து மாட்டுங்கள். கதவுகளைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். காரின் கணினிகள் தூங்க அவகாசம் வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. 500 காட்டினால், கஞ்சில், மைவி அளவு கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றரை நாளில் பாதி காலி. வார இறுதிக்கு விமானம் ஏறிப் போனவர் திங்கட்கிழமை டாக்சி பிடிக்க வேண்டியதுதான்.

இப்போது ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழியில் திருடன். முன் உரிமையாளர் போட்ட அலாரம், டேஷ்கேம், பெரிய திரை பிளேயர், அணையாத பூட் விளக்கு, இவைதான் வழக்கமான ஆட்கள். எந்த ஃபியூஸைப் பிடுங்கியும் குறையவில்லையா? ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே டயோடு கசிந்தால் இரவெல்லாம் கரண்ட் அந்த வழியே ஓடும். அதைக் கழற்றும் முன் பேட்டரி மைனஸில் மாட்டிய மீட்டரையும் கழற்றியிருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

சிக்னல் போட்டால் சூட்டு ஊசி ஆடுகிறது. பிரேக் மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு மினுக்குகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று ஆடினால் எர்த்தைப் பாருங்கள். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து எஞ்சினுக்கும் போகும் வயர்கள் துருவேறிவிட்டால் கரண்ட் திரும்பி வர வேறு வழி தேடும்; அந்த வழியில் உள்ள விளக்கும் மீட்டரும் ஆட்டம் போடும்.

ஜம்பர் வயர் ஒன்று போதும். ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பிலும் கடிக்கவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கோளாறு மறைந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். மல்டிமீட்டர் இருந்தால், ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி மைனஸுக்கும் எஞ்சினுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. எர்த் முனையைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி மாட்டினால் பல பேய்கள் ஓடிவிடும். கணினி மாற்றச் சொல்வதற்கு முன் இதைச் செய்து பார்த்தாரா என்று வயரிங்காரரைக் கேளுங்கள்.

மழை பெய்தால் மட்டும் எஞ்சின் திணறுகிறது.

பிளக் கேபிள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, காயில். இரவில் இருட்டான இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு, கேபிள்களின் மேல் தண்ணீரை லேசாகத் தெளித்துப் பாருங்கள். எங்கே நீலப் பொறி தாவுகிறதோ அங்கேதான் விரிசல். தொட்டுப் பார்க்காதீர்கள்.

15 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. 30 போட்டுவிடலாமா?

கூடாது. 15க்கு நீலம், 30க்குப் பச்சை. நீலம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சையைச் செருகினால், இனி உருகப்போவது வயர். எலி கடித்த வயர், கதவு மடிப்பில் நைந்த வயர், பாடியில் உராய்ந்த வயர் ஆகியவற்றைத் தேடுங்கள். பழைய கார் வாங்கியதும் ஃபியூஸ் பெட்டி மூடியில் உள்ள படத்தோடு ஒவ்வொரு நிறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்; முன் உரிமையாளரின் குணம் அங்கேயே தெரியும்.

வெள்ளத்தில் மூழ்கிய காரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைவரை தண்ணீர் ஏறிய கார்களைப் பார்த்திருப்பீர்கள். 2017 நவம்பரில் பினாங்கும் அப்படித்தான் கிடந்தது. மூழ்கிய கார் கழுவி, மெருகேறி, விலை குறைந்து சந்தைக்கு வரும். வயரிங் கோளாறு பல மாதம் கழித்துத்தான் தலைகாட்டும். இருக்கைப் பட்டையைக் கடைசிவரை வெளியே இழுங்கள். யாரும் கழுவாத அந்தக் கடைசி ஓரடியில் சேற்றுக் கோடு இருக்கும். உதிரி டயர் குழி, இருக்கைத் தண்டவாளத்தின் துரு, கம்பளத்துக்கு அடியில் உள்ள வயர் இணைப்புகளில் பச்சைப் பூச்சு, இவற்றையும் பாருங்கள். கார் முழுக்க வாசனை திரவியம் தூக்கலாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

பெயர் மாற்றத்துக்கான புஸ்பாகோம் (வாகனச் சோதனை நிறுவனம்) சோதனையில் தேறிய கார். அப்புறம் என்ன பயம்?

அந்தச் சோதனையின் நோக்கம் வேறு. வால்வு சீல் எப்படி இருக்கிறது, இரவில் எவ்வளவு கரண்ட் கசிகிறது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. தேறியது நல்லதே, மேலே சொன்னதையும் பார்த்துவிடுங்கள்.

நெடுஞ்சாலையில் போகும்போது பானெட்டுக்குள்ளிருந்து புகை வந்தால்?

ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள், எல்லாரையும் இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிறுத்துங்கள். வெள்ளை ஆவியும் இனிப்பு வாடையும் என்றால் கூலண்ட், ஆறும்வரை காத்திருங்கள். கருகின ஆயில் வாடை என்றால் கேஸ்கெட் கசிவு சூடான எக்சாஸ்ட் மேல் விழுகிறது. பிளாஸ்டிக் கருகும் வாடை என்றால் வயரிங். தீ தெரியாவிட்டால் மட்டும் பானெட்டைத் திறந்து, 10 எம்எம் ஸ்பேனரால் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். அந்த ஸ்பேனர் காரிலேயே இருக்கட்டும். தீ தெரிந்தால் பானெட்டை முழுதாகத் திறக்காதீர்கள், காற்று பட்டால் கொழுந்துவிடும். தள்ளி நின்று 999ஐ அழையுங்கள்.

எந்த மல்டிமீட்டர் வாங்கலாம்?

ஐம்பது வெள்ளிக்குள் கிடைப்பதே போதும். 10 ஆம்பியர் அளக்கும் துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். கரண்ட் கசிவை அளக்க வயரை அந்தத் துளையில் செருகிவிட்டு, மீட்டர் நடுவில் இருக்கும்போது காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்; ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அளந்து முடித்ததும் வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டுத்தான் மீட்டரைப் பெட்டியில் வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை வோல்ட் பார்க்க பேட்டரியில் வைத்த அந்த நொடியே மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.